கழற்றியதை உறையில் போட்டு

கிளினிக் கடன் தீர்ந்த மாதம்
எனக்கு நானே வாங்கிக்கொண்டது:
அறுபத்து நான்காம் வருடத்து ஒமேகா.
காரைக்காலில், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய ஒருவரின் பேரன்
"எல்லாம் ஒரிஜினல் டாக்டர், திருகாணி முதற்கொண்டு" என்று
பச்சை வெல்வெட்டில் வைத்து நீட்டினான்.
வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன்.
அதற்கே அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

ஐப்பசி அடைமழையில்
கண்ணாடிக்குள் வேர்த்தது.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே
ஒரு மூச்சு படிந்து, கலைந்து,
மறுபடி படிந்தது.

பட்டமங்கலத் தெரு ஜெகபருக்கு என் தம்பி வயது.
கண்ணில் லென்ஸைச் செருகினால் மட்டும் பெரிய மனிதன்.
"கிரவுன் போச்சு" என்றான்.
என் மேசையிலும் அதே சொல்தான்,
தினம் நாலு பேருக்கு நான் சொல்வது.
கம்பெனி குறி போட்ட பழசு பம்பாயில் கிடைக்குமாம்:
முப்பத்தெட்டாயிரம். அதுவும் தேய்ந்திருக்கும், ஈரத்தை விட்டுவிடும்.
புதுசு எண்ணூறு. உள்ளே ரப்பர் வளையம்.
மழை வராது, குறியும் இருக்காது.

"டயலையும் புதுசா எழுதச் சொல்லவா?
அந்தப் பழுப்பெல்லாம் போயிடும்."
வேண்டாம் என்றேன்.
அழகுக்காக அல்ல, பழுப்பு இருந்தால்தான் விலை.
இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்தான்.
உட்புறம் முழுக்க ஊசிக் கீறல்கள்:
கா.வி. 3-71.
ஒரு நட்சத்திரம், பக்கத்தில் 79.
யாரோ பிரெஞ்சில் ஏதோ.
அதன் மேலேயே, கோணலாக, தமிழில் 'ஸ்பிரிங்'.
"ஸ்பிரிங் மாத்தினது. இந்தச் சக்கரம் மாத்தினது.
நிமிஷ முள்ளு வேற வாட்சோடது டாக்டர்,
மயிரிழை நீளம், பாருங்க."
பார்த்தேன்.
மூன்று மாதமாக அந்த முள்ளைத்தான்
வருகிறவர்களிடமெல்லாம் காட்டி
என்ன ஒரு நேர்த்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்.
ஜிர்கோனியாவைப் பசை வைத்து அழுத்தி
"உங்க பல்லு மாதிரியே இருக்கு" என்பேன்.
உங்க பல்லு என்று ஒருநாளும் சொன்னதில்லை.
கண்ணாடியில் ஈயென்று பார்க்கிறவர்கள்
அந்த 'மாதிரி'யைக் காதில் வாங்குவதே இல்லை.

போன வாரம் குத்தாலத்திலிருந்து
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார்.
பிடுங்கிய கடைவாய்ப்பல்லைக் கேட்டார்.
குப்பைக்குப் போகும் என்றேன்.
"இருக்கட்டும்மா. நாப்பது வருஷம் அரைச்சிருக்கு."
பஞ்சில் சுற்றி, லைசென்ஸோடு
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு,
வீங்கிய கன்னத்தோடு
பில்லில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார்.

"புதுசே போடு" என்றேன் ஜெகபரிடம்.
"கழற்றியதை உறையில் போட்டுக் கொடு."
வாசல்வரை போய்த் திரும்பினேன்.
"மூடிக்குள்ளே நீயும் கீறிடு."
"மதிப்பு குறையும்."
"கா.வி.யால குறைஞ்சுதா?"
லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

கடைமுழுக்குக்குள் தருகிறேன் என்றிருந்தான்.
துலாக்கட்டக் கூட்டத்தில் ஷட்டர் தூக்க வழியில்லை.
மறுநாள் வந்தது, முடவன் முழுக்கன்று,
ஈரக் கூந்தல்களும் ஈர வேட்டிகளும் போகிற தெரு வழியே.
நாளுக்குப் பதினோரு விநாடி பின்தங்குமாம்.
இழுத்துப் பிடித்தால் பழைய சக்கரம் தாங்காதாம்.
தங்கட்டும்.
பிந்தி வந்த ஒருவனுக்காக
ஆறே ஒரு நாள் காத்திருந்த ஊர்.

மஞ்சள் உறையில் அவன் கையெழுத்து:
'டாக்டரம்மா. ஒரிஜினல்.'
உள்ளங்கையில் கொட்டி
பல் பார்க்கும் விளக்கை இழுத்துவைத்தேன்.
வழவழவென்று பித்தளை.
தேய்ந்த குறி என்று நான் நம்பியிருந்த இடத்தில்
குறி இருந்த சுவடே இல்லை.

பஞ்சு எடுத்தேன்.
சுற்றினேன்.